இருட்டில் காரை ஒளியால் தீட்டுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

ஷட்டரைப் பல வினாடிகள் திறந்து வைத்துவிட்டு, கையில் பிடித்த விளக்கால் காரின் மேல் ஒளி பாய்ச்சிப் படமெடுக்கும் முறைக்கு லைட் பெயின்டிங் என்று பெயர். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த மாதம் பதில் சொல்கிறோம்.

30 வினாடி ஷட்டர் வைத்து, பெரிய டார்ச்சால் காரைச் சுற்றிச் சுற்றி அடித்தேன். கார் வெளிச்சமாகவில்லை. கதவிலும் பானட்டிலும் நூல் நூலாக வெள்ளைக் கிறுக்கல்தான் விழுந்திருக்கிறது. டார்ச் போதவில்லையா?
– வாசகர், ஈரோடு

டார்ச்சின் சக்தி போதும். அதன் வடிவம்தான் பொருந்தவில்லை. துலக்கி வைத்த எவர்சில்வர் குடத்தின் மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். குடம் பளிச்சென்று ஆகாது, குடத்துக்குள் ஒரு சின்ன டார்ச் தெரியும். காரும் அப்படித்தான். பெயின்டுக்கு மேலே கிளியர் கோட் என்ற கண்ணாடி போன்ற பூச்சு இருக்கிறது. அதில் நாம் பார்ப்பது பெரும்பாலும் எதிரே இருக்கும் பொருளின் பிம்பம். டார்ச் ஒரு புள்ளி, ஆகவே பிம்பமும் புள்ளி. கையை அசைத்தால் புள்ளி நூலாக இழுபடும், கை நடுங்கினால் நூலும் நடுங்கும். நீங்கள் கண்ட கிறுக்கல் உங்கள் கை போன வழி.

ஆகவே "காருக்கு எங்கே வெளிச்சம் அடிப்பது?" என்று யோசிக்க வேண்டாம். "காரின் பளபளப்பில் என்ன பிம்பம் தெரிய வேண்டும்?" என்று யோசியுங்கள். கதவில் அகலமான, மென்மையான வெண்மை வேண்டுமானால், கதவுக்கு எதிரே அகலமான, மென்மையான வெண்பரப்பு இருக்க வேண்டும். ஸ்டூடியோவில் அதற்குக் காரைவிடப் பெரிய ஒளிப்பெட்டியைக் கூரையிலிருந்து தொங்கவிடுவார்கள். நாம் ஒரு மீட்டர் நீள எல்இடி குழலை ஒரே சீராக நகர்த்தி, அதே பரப்பைக் காலத்தால் உருவாக்குகிறோம். குழலைச் செங்குத்தாகப் பிடித்து நான்கு மீட்டர் நடந்தால், கேமராவைப் பொறுத்தவரை அது ஒரு மீட்டர் உயரமும் நான்கு மீட்டர் நீளமும் கொண்ட ஒளிச்சுவர். அதே குழலைப் படுக்கைவாட்டில் பிடித்து நடந்தால் மெல்லிய, கூர்மையான ஒரே கோடு. பரப்பை நிரப்பச் செங்குத்து, கூரை விளிம்பைக் கீறிக் காட்டப் படுக்கை. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டார்ச்சைத் தூக்கிப் போட வேண்டாம். டயர், தரை, பின்னணி மரம், சுவர் எல்லாம் பளபளப்பில்லாதவை. அவற்றுக்கு டார்ச் நன்றாகவே உதவும்.

ஆயத்தக் குழல் விளக்குகள் விலை அதிகம். வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா?
– வாசகர், மதுரை

முடியும். எலக்ட்ரிக்கல் கடையில் ஃபால்ஸ் சீலிங் வேலைக்கு விற்கும் அலுமினிய புரொஃபைல் ஒரு மீட்டர், அதற்கான பால்வெள்ளை மூடியோடு வாங்குங்கள். 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப், மீட்டருக்கு 120 எல்இடி உள்ளது, ஒரு மீட்டர். மின்சாரத்துக்கு 18650 லித்தியம் செல் மூன்றைத் தொடராக இணைத்து, பாதுகாப்பு போர்டோடு விற்கும் பேக். முழு சார்ஜில் 12.6 வோல்ட் வரும். 10 வாட் ஸ்ட்ரிப் ஏறக்குறைய ஓர் ஆம்பியர் இழுக்கும் என்பதால், 2500 மில்லி ஆம்பியர்-அவர் செல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். நடுவில் ஒரு 2 ஆம்பியர் ஃப்யூஸும் ஒரு சுவிட்சும் கட்டாயம். பிடிக்க 30 செ.மீ. பிவிசி பைப். கடைசியாக, குழலின் ஒரு பக்கம் நெடுக 10 செ.மீ. அகலத்துக்குக் கறுப்பு ஃபோம் ஷீட் ஒட்டுங்கள். விளக்கு நேராக லென்ஸைப் பார்க்காமல் தடுக்கும் திரை அதுதான்.

பால்வெள்ளை மூடியை மிச்சம் பிடிக்காதீர்கள். மூடி இல்லாமல் செங்குத்தாக நகர்த்தினால் ஒவ்வொரு எல்இடியும் தனித்தனியே கோடு போடும். கதவு முழுக்க பாய் பின்னியது போல வரி வரியாக இருக்கும், அதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது.

மலிவான டிம்மரிலும் ஒரு சிக்கல் உண்டு. அது விளக்கை வேகமாக அணைத்து எரியவைத்துத்தான் மங்கலாக்குகிறது. வினாடிக்கு 100 முறை துடிக்கும் விளக்கை வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசினால், 3 செ.மீ.க்கு ஒரு துடிப்பு. குழலின் அகலம் 2 செ.மீ. என்றால் இடைவெளிகள் படத்தில் வரியாகத் தெரியும். நிதானமாக நடந்தால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மறைந்துவிடும். டிம்மருக்குப் பதிலாக வெள்ளை பாண்ட் பேப்பரை மூடியின் மேல் ஒன்றிரண்டு சுற்று சுற்றிவிடுவது எங்களுக்கு உகந்த வழியாகப் படுகிறது.

ஸ்ட்ரிப் வாங்கும்போது நிறத் துல்லியம் (சிஆர்ஐ) 90-க்கு மேல் என்று குறித்திருக்கிறதா பாருங்கள். விலை கொஞ்சம் கூடும், ஆனால் சிவப்புக் கார் சிவப்பாக வரும்.

வெள்ளை ஹேட்ச்பேக் ஒன்றை முன்பக்கமும் பக்கவாட்டும் தெரிகிற கோணத்தில் எடுக்க விரும்புகிறேன். முதலிலிருந்து கடைசி வரை படிப்படியாகச் சொல்லுங்கள்.
– வாசகி, திருப்பூர்

காரைக் கழுவி, தண்ணீர்க் கறை இல்லாமல் மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். சாய்வாக விழும் ஒளியில் பகலில் தெரியாத தூசியெல்லாம் எழுந்து நிற்கும். பின்சுவர் குறைந்தது ஐந்தாறு மீட்டர் தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் காருக்குப் பாய்ச்சும் ஒளி சுவரிலும் வழியும். முன்சக்கரத்தை, டயரின் ஓடும் பரப்பு தெரியாமல் ரிம்மின் முகம் கேமராவைப் பார்க்கும்படி திருப்பிவிடுங்கள். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, இன்ஜினை நிறுத்துங்கள். அதன் பிறகு யாரும் காரில் ஏறவோ கதவைத் திறக்கவோ கூடாது.

முழுச்சட்டக (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், சிறிய சென்சார் என்றால் 35 மி.மீ. 8 மீட்டர் தள்ளி நின்றால் ஏறக்குறைய 5.75 மீட்டர் அகலம் ஃப்ரேமில் அடங்கும். ட்ரைபாட் உயரம் ஹெட்லைட் மட்டத்துக்கு, 70 முதல் 80 செ.மீ. ஹெட்லைட்டின் விளிம்பில் டார்ச் அடித்து ஃபோகஸ் செய்ததும் மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். லென்ஸிலும் கேமரா உடலிலும் உள்ள அசைவு நிவர்த்தியை அணைக்கவும். ரா கோப்பு (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் துவாரம், எண் கூடக் கூடச் சிறுக்கும்) எஃப்/11, ஷட்டர் 20 வினாடி. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 5000 கெல்வின் என்று நிலையாக வையுங்கள். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு நிறத்தில் நிற்கும். ரிமோட் அல்லது 2 வினாடி டைமர். நீண்ட ஷட்டரில் எழும் புள்ளிக் கறையைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஒவ்வொரு படத்துக்கும் அதே அளவு நேரம் கூடுதலாக எடுக்கும். பல படங்களைச் சேர்க்கப் போவதால் அதுவும் வேண்டாம்.

முதல் படத்தை விளக்கு இல்லாமல், அந்தியில் எடுங்கள். நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி சீக்கிரம் தீர்ந்துவிடும். வானத்தில் நீலம் இருப்பது சூரியன் மறைந்த 20 முதல் 30 நிமிடம் வரைதான். ஆகவே ட்ரைபாட், ஃபோகஸ், கார் எல்லாம் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். இந்தப் படத்துக்கு மட்டும் வானத்துக்கு ஏற்ப ஷட்டர் நேரத்தை மாற்றுங்கள். அபெர்ச்சரைத் தொடாதீர்கள்.

நன்றாக இருட்டிய பிறகு கூரை. கறுப்பு முழுக்கைச் சட்டை, கறுப்பு பேன்ட் அணிந்தவர் காருக்குப் பின்புறம், கேமராவிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம், குழலைப் படுக்கைவாட்டில் கூரைக்கு 60 செ.மீ. மேலே தூக்கிப் பிடித்து, கறுப்புத் திரை கேமராவைப் பார்க்க, பானட்டிலிருந்து டிக்கி வரை எட்டு முதல் பத்து வினாடியில் நடக்கட்டும். கூரை விளிம்பு ஒரே கோடாக எழும். கோடு வெளுத்து வெந்து போயிருந்தால் பேப்பர் இன்னொரு சுற்று சுற்றுங்கள்.

பிறகு பக்கவாட்டு. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கதவுக்கு நேர் எதிரே நின்று விளக்கைக் காட்டுவார்கள், கதவு இருட்டாகவே இருக்கும். ஒளி விழும் கோணமும் திரும்பும் கோணமும் சமம் என்று பள்ளியில் படித்தது இங்கே அப்படியே வேலை செய்கிறது. கேமரா காரின் முன்மூலையிலிருந்து 45 டிகிரியில் நிற்கிறது என்றால், விளக்கு காரிலிருந்து 2 மீட்டர் விலகி இருக்கும்போது, நீங்கள் வெளிச்சமாக்க விரும்பும் இடத்துக்கு 2 மீட்டர் பின்னால் இருக்க வேண்டும். அதாவது முன் மட்கார்டை நிரப்பப் பின்கதவு அருகே தொடங்கி, பின் பம்பரைத் தாண்டி 2 மீட்டர் வரை நடக்க வேண்டும். குழல் செங்குத்தாக, அதன் நடுப்பகுதி கதவுக் கைப்பிடி உயரத்தில். காரின் முன்முகத்துக்கும் இதே கணக்கு, மறுபக்கத்தில்.

சந்தேகம் வந்தால் கணக்கை விடுங்கள். லென்ஸ் இருக்கும் இடத்தில் கண்ணை வைத்துக்கொண்டு நண்பரை விளக்கோடு மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். கதவில் பிம்பம் எங்கே ஓடுகிறது என்று கண்ணுக்கே தெரியும். படத்திலும் அங்கேதான் விழும்.

ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று நான்கு முறை எடுங்கள். மொத்தம் 15 முதல் 20 ஃப்ரேம் வரும். வெள்ளைக் கார் என்பதால் எல்லாவற்றையும் ஒரு ஸ்டாப் (ஒளி பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும் அளவு) குறைவாகவே எடுப்பது நல்லது.

கார் இருட்டாக இருந்தது. ஷட்டரை 15-லிருந்து 30 வினாடி ஆக்கினேன். பின்னால் இருந்த வானம்தான் வெளுத்தது, கார் அப்படியே இருக்கிறது. ஏன்?
– வாசகர், நாகர்கோவில்

ஒரே ஃப்ரேமில் இரண்டு எக்ஸ்போஷர் நடக்கிறது. வானம், தெருவிளக்கு போன்ற சுற்றுப்புற ஒளி ஷட்டர் திறந்திருக்கும் வரை சேர்ந்துகொண்டே போகும். உங்கள் விளக்கு ஓரிடத்தைக் கடக்கும் கணம் மட்டுமே அந்த இடத்தில் பதியும். ஷட்டர் 15 வினாடியா 30 வினாடியா என்பது அதற்குத் தெரியாது. காரின் வெளிச்சத்தை மாற்ற அபெர்ச்சர், ஐஎஸ்ஓ, விளக்கின் சக்தி, நடக்கும் வேகம் ஆகியவைதான் வழி. பாதி வேகத்தில் நடந்தால் ஒரு ஸ்டாப் கூடும்.

விளக்கின் தூரத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தரைக்கும் டயருக்கும் தூரம் முக்கியம், டார்ச்சை இரு மடங்கு தள்ளினால் வெளிச்சம் கால் பங்காகும். ஆனால் கிளியர் கோட்டில் தெரிவது பிம்பம். விளக்கைத் தள்ளினால் பிம்பம் ஒல்லியாகும், மங்காது. கண்ணாடியில் தெரியும் ட்யூப்லைட்டைத் தள்ளி நின்று பார்த்தாலும் கண் கூசுவது போல. கோடு வெந்துபோனால் பின்வாங்கிப் பயனில்லை. விளக்கை மங்கலாக்குங்கள், அல்லது வேகமாக நடங்கள்.

சுற்றுப்புற ஒளியை மட்டும் சோதிக்க 30 வினாடி காத்திருக்கத் தேவையில்லை. ஐஎஸ்ஓ 6400-இல் அரை வினாடி எடுத்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ 100-இல் 32 வினாடி எடுத்ததற்கு அது சமம்.

கறுப்புக் கார், சிவப்புக் கார், பளபளப்பில்லாத மேட் ஸ்டிக்கர் ஒட்டிய கார், எல்லாவற்றுக்கும் ஒரே முறையா?
– வாசகர், சேலம்

கறுப்புக் காரில் பிம்பத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. விளக்கின் பிம்பம் படாத இடம் முழு இருட்டு. ஆகவே கோடுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதில் கவனம் வேண்டும். எங்கள் பார்வையில் லைட் பெயின்டிங்குக்கென்றே பிறந்த நிறம் இது. பொறுமையாகச் செய்தால் மூன்று கோடுகளில் முழுக்காரும் எழுந்து நிற்கும். ஆனால் பழைய துடைப்புக் கீறல்கள் சிலந்தி வலை போல மின்னும். பாலிஷ் போட்ட கார் கிடைத்தால் நல்லது.

சிவப்பில் பிரச்சினை ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தில்) ஒளிந்திருக்கும். வெள்ளை வரைபடம் சரியாக இருப்பதுபோல் காட்டும், சிவப்பு சானல் மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். அப்போது பானட்டின் வளைவெல்லாம் தட்டையான சிவப்புத் திட்டாகிவிடும். மூன்று நிற ஹிஸ்டோகிராமையும் திறந்து வைத்துக்கொண்டு எடுங்கள்.

மேட் பூச்சில் பிம்பம் தெளிவாக விழாது, ஒளி பரவிப் படரும். அங்கே குழலைவிட விளக்கின் தூரமும் திசையும்தான் பேசும். டார்ச்கூடப் போதும்.

ஹெட்லைட்டைப் போட்டால் வெள்ளைக் குண்டாக எரிகிறது. போடாவிட்டால் கார் தூங்குவது போல இருக்கிறது.
– வாசகி, காரைக்குடி

தனி ஃப்ரேம் எடுங்கள். அதே எஃப்/11, ஐஎஸ்ஓ 100-இல் ஷட்டரை மட்டும் குறைத்து, பார்க்கிங் லைட்டை மட்டும் எரியவிட்டு 2, 1, அரை வினாடி என்று மூன்று படம். லோ பீம் வேண்டாம், அது தரையையும் காற்றில் உள்ள தூசியையும் வெளுக்க வைக்கும். எது நன்றாக வந்ததோ அதிலிருந்து விளக்குப் பகுதியை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். உள்ளே கை விட்டு சுவிட்சைப் போடும்போது கார் அசையும் என்பதால், இந்த ஃப்ரேம்களை எல்லாவற்றுக்கும் கடைசியில் எடுப்பதே சரி.

நம்பர் பிளேட் மட்டும் வெள்ளையாக எரிந்துவிடுகிறது. கழற்றிவிடலாமா?
– வாசகர், திருச்சி

கழற்றாதீர்கள். 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், கழற்றினால் திரும்பப் பயன்படாத பூட்டால் மாட்டப்பட்டிருக்கிறது. அதன் மேல் உள்ள பூச்சு, ஒளியை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். விளக்கு கேமராவுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒளி கேமராவுக்கே திரும்பி பிளேட் எரியும். விளக்கை லென்ஸிலிருந்து நன்றாக விலக்கி, பக்கவாட்டிலிருந்து கொண்டுபோனால் சாதாரண அட்டை போல அடங்கிவிடும். எண் தெரியவே வேண்டாம் என்றால், படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் கறுப்புத் துணியை மடித்து ஒட்டுங்கள்.

எடுத்த படங்களைச் சேர்ப்பது எப்படி? ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் விளிம்புகள் இரட்டையாகத் தெரிகின்றன.
– வாசகர், வேலூர்

முதல் பகுதி எளிது. போட்டோஷாப்பிலோ இலவசமான கிம்ப்பிலோ எல்லாப் படங்களையும் அடுக்காகத் திறந்து, அந்திப் படத்தை அடியில் வைத்து, மற்ற அடுக்குகளின் கலப்பு முறையை லைட்டன் என்று மாற்றுங்கள். கிம்ப்பில் லைட்டன் ஒன்லி என்று இருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் எது பிரகாசமோ அது மட்டும் நிற்கும். பிறகு ஒவ்வொரு அடுக்கிலும் மாஸ்க் போட்டு, நடந்தவரின் கால், குழலின் தடம், தரையில் வழிந்த ஒளி ஆகியவற்றைக் கறுப்புத் தூரிகையால் மறைக்கலாம். எல்லா அடுக்கையும் முழு வலுவில் விட்டால் கார் பிளாஸ்டிக் பொம்மை போல ஆகிவிடும். கூரைக் கோட்டை அப்படியே வைத்து, பக்கவாட்டைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

இரட்டை விளிம்புக்குக் காரணம் ட்ரைபாட் மட்டும் அல்ல. ஒருவர் காரில் ஏறி இறங்கினாலே சஸ்பென்ஷன் சில மில்லிமீட்டர் இறங்கி, வேறு இடத்தில் நிற்கும். ஓடி வந்து நிறுத்திய உடனே எடுத்தாலும் அப்படித்தான், கார் மெல்ல மெல்லத் தணியும். இன்னொன்று, ரிமோட் சாவியில் பூட்டினால் பல கார்களில் பக்கக் கண்ணாடி மடிந்துகொள்ளும், இண்டிகேட்டரும் மின்னி அந்த ஃப்ரேமைக் கெடுக்கும். சாவியைப் பையில் போட்டுத் தள்ளி வைத்துவிடுங்கள். மண் தரையில் ட்ரைபாட் கால்களுக்கு அடியில் தட்டையான ஓட்டுத் துண்டு வைத்தால் புதையாது.

போனில் முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர்

புரோ மோடில் 10 வினாடிக்கு மேல் ஷட்டர் கிடைக்கும் போன் என்றால் முடியும். தடை வேறு: போன் லென்ஸின் அபெர்ச்சர் எஃப்/1.8 போல நிலையாக இருக்கும். எஃப்/8-ஐவிட ஏறக்குறைய 20 மடங்கு ஒளி நுழையும். ஒளியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கும், கிளிப்பில் மாட்டும் என்டி16 ஃபில்டர் போட்டால் எஃப்/7-க்குச் சமமாகிவிடும். ஃபில்டர் இல்லையென்றால் ஐஎஸ்ஓ-வைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி, குழலில் பாண்ட் பேப்பர் நாலைந்து சுற்று சுற்றுங்கள். நைட் மோட் வேண்டாம். அது பல படங்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும், நகரும் விளக்கை என்ன செய்யும் என்று கணிக்க முடியாது.

போலரைசர் ஃபில்டர் போட்டால் கண்ணாடியில் தெரியும் தேவையற்ற பிரதிபலிப்பு போகுமே?
– வாசகர், கோவை

போகும். கூடவே நீங்கள் பாடுபட்டுத் தீட்டும் கோடும் போகும், அதுவும் பிரதிபலிப்புதானே. ஒளியும் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் குறையும். அந்திப் படத்தில் முன்கண்ணாடியில் வானம் வெளுத்துத் தெரிந்தால் அதற்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, ஃப்ரேம் அசையாமல் கழற்றிவிடுங்கள்.

விளக்கால் காற்றில் எழுத்து எழுதுவதும் இதுவும் ஒன்றா?
– வாசகி, புதுச்சேரி

அடிப்படை ஒன்று, திசை வேறு. 1949-இல் ஜான் மிலி என்ற ஒளிப்படக்காரர், பிக்காசோ சிறு விளக்கால் காற்றில் காளை உருவம் வரைவதைப் பிரான்சில் படமெடுத்தார். அங்கே விளக்கு கேமராவைப் பார்க்கிறது, அதன் தடமே படம். கார் படத்தில் விளக்கு காரைப் பார்க்கிறது, அதன் தடம் தெரியவே கூடாது. கறுப்புத் திரை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

எங்கே எடுப்பது? கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் நிறுத்தி எடுக்கலாம் என்று நினைக்கிறோம்.
– வாசகர், சென்னை

வேண்டவே வேண்டாம். கறுப்பு உடையில், விளக்கை அணைத்துவிட்டு, கேமராவையே பார்த்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்தில் நடப்பவரை எந்த ஓட்டுநராலும் பார்க்க முடியாது. உரிமையாளர் அனுமதியோடு ஆலை வளாகம், கல்யாண மண்டபத்தின் வாகன நிறுத்தம், ரைஸ் மில்லின் உலர்களம் போன்ற மூடிய இடம் தேடுங்கள். உலர்களத்தின் சிமென்ட் தரை சமமாக இருக்கும். இரண்டு குடம் தண்ணீர் தெளித்தால் காரின் பிம்பம் தரையிலும் விழும். தெருவிளக்கு சோடியம் ஆவி மஞ்சளா வெள்ளை எல்இடியா என்று முதலிலேயே பாருங்கள். மஞ்சள் விளக்கு கதவில் விழுந்தால், அந்த மஞ்சளைச் சரிசெய்யப் போகும்போது உங்கள் வெள்ளைக் குழல் நீலமாகத் தெரியும். அந்த ஒரு விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்டாலே பாதி வேலை குறையும்.

கடற்கரைப் பக்கம் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. ஏசி காரிலிருந்து எடுத்த லென்ஸில் வெளிக்காற்று பட்டதும் ஈரம் படியும். துடைத்தாலும் மறுபடி படியும். மூடிய பையிலேயே வைத்து, அரை மணி நேரம் வெளியே இருந்த பிறகு திறங்கள். மார்கழி, தை மாதங்களில் உள்மாவட்டங்களில் இரவு ஏற ஏறக் காரின் கூரையில் பனி படியும். கூரைக் கோடு திடீரென்று மங்கிப் புகைந்து தெரிந்தால் விளக்கைச் சந்தேகிக்காமல் கூரையைத் தொட்டுப் பாருங்கள். இந்த மாதங்களில் கூரை ஃப்ரேம்களை முதலில் முடித்துவிட்டு, பிறகு பக்கவாட்டுக்குப் போகலாம்.